பத்து மணிக்குக் கைமாறிய நோட்டு

காரைக்கால் போலகம் தொழிற்பேட்டையில் ஆலை நடத்துகிறவர்களுக்கும் அங்கே மேற்பார்வை பார்க்கிற இளையவர்களுக்கும் ஒரு திறந்த மடல்



போன வாரம் வாஞ்சூர் ரோட்டு டீக்கடையில் உங்களில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. இருபத்தாறு வருஷம் மெஷின் சத்தத்தில் நின்ற காதுக்கு அந்தத் திறமை கிடையாது. நீங்கள்தான் உரக்கப் பேசினீர்கள். "வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் தூக்கிட்டு புது ஆப் போடப்போறோம், எல்லாம் ஒரே எடத்துல வந்துரும்" என்றார் ஒருவர். "நம்மாளுங்க யூஸ் பண்ணமாட்டாங்க சார், அவங்களப் பத்தித் தெரியாதா" என்றார் மற்றவர். முதலாமவர் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. இரண்டாமவர் சொன்னதுதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது. அதற்காகத்தான் இந்த மடல்.

என்னைப் பற்றி இரண்டு வரி. புதுச்சேரி அரசின் பிப்டிக் நிறுவனம் பிரித்துக் கொடுத்த மனைகளில் ஷெட்டுகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் ஹெல்பராக உள்ளே வந்தவன். ஷிப்ட் இன்சார்ஜாக வெளியே போனவன். எந்த ஆலை என்பது இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போவது எந்தக் கேட்டுக்குள்ளும் நடக்கக்கூடியது.

எங்கள் காலத்தில் லாக் புக் இருந்தது. துணி முதுகு வைத்துத் தைத்த நீள ரெஜிஸ்டர். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று மூன்று வேளையும் அது கை மாறும். போகிறவர் எழுதுவார், வருகிறவர் படிப்பார், இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். முடியாத வேலை எதுவோ அதை அடுத்த பக்கத்தின் தலையில் மறுபடியும் எழுத வேண்டும். "2-ம் பம்ப் சீல் கசியுது" என்று திங்கட்கிழமை எழுதினால், அது சரியாகும் வரை செவ்வாய், புதன், வியாழன் என்று ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுதி எழுதிக் கை வலித்தே ஒருவர் அந்த சீலை மாற்றிவிடுவார். அலுப்பு பிடித்த ஏற்பாடுதான். ஆனால் அந்த அலுப்புதான் அதை வேலை செய்யவைத்தது.

பிறகு வாட்ஸ்அப் வந்தது. 2009-ல் பிறந்த செயலி நம் பக்கம் ஆலைக்குள் நுழைய நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, ஒரு ரூபாய் செலவில்லை. ஒரு நாள் மெயின்டனன்ஸ் தம்பி ஒருவர் குரூப் தொடங்கினார். ஒரு மாதத்தில் ஆலையே அதற்குள் இருந்தது. "நம்மாளுங்க யூஸ் பண்ணமாட்டாங்க" என்று சொன்னவருக்கு இதை நினைவூட்டுகிறேன். ஒரு கருவி தன் வேலையைச் சுலபமாக்கினால் அதை எடுத்துக்கொள்ள நம் ஆட்களுக்கு யாருடைய பிரசங்கமும் தேவைப்படவில்லை.

எனக்கும் அது பிடித்திருந்தது, மறைக்கமாட்டேன். உடைந்த பேரிங்கைப் படம் எடுத்துப் போட்டால் ஸ்டோரில் உட்கார்ந்திருப்பவர் நம்பர் பார்த்து எடுத்துவைத்துவிடுவார். முன்பெல்லாம் அதற்கு ஒரு ஹெல்பர் கையில் எண்ணெயோடு இரண்டு தடவை நடக்க வேண்டும். லாக் புக் மெல்ல மெல்ல இளைத்தது. முதலில் "குரூப்பில் பார்க்கவும்" என்று எழுதினார்கள். பிறகு கையெழுத்து மட்டும். பிறகு அதுவும் வாரக் கடைசியில் மொத்தமாக, ஒரே பேனாவில்.

ஒரு மாசி மாதத்து இரவு. சி ஷிப்டில் இருந்த ஒரு கான்ட்ராக்ட் பையன் கியர்பாக்ஸ் அடியில் எண்ணெய் சொட்டுவதைப் பார்த்தான். போனை எடுத்தான், படம் பிடித்தான், குரூப்பில் போட்டான். மணி பதினொன்று நாற்பது. இருபது நிமிஷம் கழித்து நாள் மாறியது. மறுநாள் மேனேஜருக்குப் பிறந்தநாள். கேக் படம், பூங்கொத்து, கைகூப்பல் என்று விடியும் வரை வாழ்த்து இறங்கியது. ஏ ஷிப்டுக்கு வந்தவர்களும் வாழ்த்தினார்கள். மேலே போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஏழே காலுக்கு கியர்பாக்ஸ் இறுகி நின்றது. நான்கு நாள் லைன் நின்றது.

விசாரணை நடந்தது. பையன் சொன்னது ஒரே வாக்கியம்: "குரூப்ல போட்டேன் சார்." அவனுக்குக் கிடைத்த பதில்: "போட்டா போதுமா? போன் பண்ணிச் சொல்லத் தெரியாதா?" எச்சரிக்கைக் கடிதம் அவனுக்கு. அந்தப் பையன் அதற்குப் பிறகு எந்தக் குரூப்பிலும் எதுவும் போட்டு நான் பார்க்கவில்லை. சில மாதங்களில் வேலையையும் விட்டுப் போனான்.

நான் அப்போது இன்சார்ஜ். அந்த அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். "அவன் சொல்லித்தானே இருக்கிறான், பார்க்காதது நாம்தானே" என்று நான் சொல்லவில்லை. இந்த மடலை எழுதவைத்ததில் அதற்கும் பங்குண்டு.

"போட்டேன்" என்பதும் "சொன்னேன்" என்பதும் ஒன்றல்ல. சொல்வதற்கு எதிரே ஒருவர் இருக்க வேண்டும். அவர் கேட்டேன் என்று தலையாட்ட வேண்டும். லாக் புக்கில் எதிராளி போட்ட கையெழுத்து அந்தத் தலையாட்டல்தான். குரூப்பில் போடுவது நடுத்தெருவில் நின்று கத்துவது போல. எல்லார் காதிலும் விழுந்திருக்கும், யாருக்கும் பொறுப்பில்லை. நீல டிக் விழுந்ததே என்பீர்கள். விரல் பட்டாலும் நீல டிக் விழும்.

இது நம் ஊர் சின்னச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 1988 ஜூலை 6. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்று ஒரு எண்ணெய், எரிவாயு மேடை. அங்கே இரண்டு பம்புகள். ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்டில் சோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். குழாய் வாயை ஒரு தகட்டால் தற்காலிகமாக மூடியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. அந்த வேலையைச் செய்தவர் கட்டுப்பாட்டு அறைக்குப் போனார். அங்கே இருந்தவர் வேறு வேலையாக இருந்தார். பர்மிட் தாளை வைத்துவிட்டு வந்துவிட்டார். நேரில் சொல்லவில்லை. இரவில் இன்னொரு பம்ப் நின்றுபோனது. பதறிப்போய்த் தாள்களைத் தேடியவர்கள் கையில் வேறொரு பர்மிட்தான் கிடைத்தது. வால்வு கழற்றியிருக்கும் பர்மிட் கிடைக்கவில்லை. முதல் பம்பை ஓட்டினார்கள். தகடு வழியே எரிவாயு பீறிட்டது. 167 பேர் இறந்தார்கள்.

தாள் இருந்தது. எழுதவும் எழுதியிருந்தார்கள். அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறவில்லை, அவ்வளவே. நீதிபதி கல்லன் பிரபு நடத்திய விசாரணைக்குப் பிறகு உலகமெங்கும் பர்மிட் முறையும் ஷிப்ட் கைமாற்றமும் தீவிரமாகப் பார்க்கப்பட்டன. அப்படியும் 2005-ல் அமெரிக்காவின் டெக்ஸஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்து 15 பேர் இறந்தபோது, முந்தைய இரவு ஷிப்ட் லாக்கில் விட்டுச்சென்றது ஏறக்குறைய ஒற்றை வரி என்று விசாரணையில் தெரியவந்தது. நம்மைச் சுற்றி நரிமணம் எரிவாயு ஓடுகிற குழாய்களும், பட்டினத்து மின்நிலையமும், கரையில் துறைமுகமும் இருக்கின்றன. எனக்கு இந்தக் கதைகள் வெளியூர்க் கதைகளாகப் படவில்லை.

இப்போது நீங்கள் வாங்கப்போகிற செயலிக்கு வருகிறேன். பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் இந்த வகைக் கருவிகளின் பிறப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்லாக் என்று ஒன்று இருக்கிறதே, அது முதலில் விற்பதற்காகச் செய்த சரக்கே அல்ல. இணைய விளையாட்டு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு சிறு குழு, தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துகொண்டது. விளையாட்டு படுத்துவிட்டது. பேசிக்கொண்ட கருவி பிழைத்து 2013-ல் வெளியே வந்தது. அந்தப் பெயருக்கு அதன் நிறுவனர் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் கொடுத்த விரிவைத் தமிழில் சொன்னால், எல்லாப் பேச்சையும் அறிவையும் தேடி எடுக்கக்கூடிய லாக் என்று வரும். லாக்! படித்தபோது சிரித்துவிட்டேன். தைத்த ரெஜிஸ்டரை நாம் ஸ்டோர் பரணில் போட்டுவிட்டு வந்த நேரத்தில் அவர்கள் அதையே தேடிப் போயிருக்கிறார்கள்.

நியாயமாகச் சொன்னால், ரெஜிஸ்டரிடம் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது, தேடுவது. என்னிடம் 2003-ம் வருஷத்து லாக் புக் ஒன்று இருக்கிறது. எடைக்குப் போட இருந்தார்கள், கேட்டு வாங்கிவந்தேன். அதில் ஒரு பழைய எலக்ட்ரீஷியன், இப்போது உயிரோடு இல்லை, ஐப்பசி மாதத்தில் எழுதியிருக்கிறார்: 3-ம் மோட்டார் இரண்டு நாள் நின்றிருந்தால் அப்படியே ஸ்டார்ட் பண்ணாதே, மெக்கர் போட்டுப் பார், ரீடிங் குறைந்திருந்தால் கவரைத் திறந்து குண்டு பல்பு வைத்துச் சூடு ஏற்று. கடற்காற்றில் உப்பும் ஈரமும் காயிலில் ஏறிவிடும் என்பது புத்தகத்தில் பொதுவாக இருக்கும். எங்கள் 3-ம் மோட்டாருக்கு மேலே தகரம் ஒழுகும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஓய்வு பெற்ற பிறகு அதே மோட்டார் இரண்டு தடவை எரிந்தது. நோட்டு பரணில்தான் இருந்தது. அறுநூறு பக்கத்தில் எந்தப் பக்கம் என்று யார் தேடுவார்கள்?

இதற்கு உங்கள் செயலி உண்மையிலேயே உதவும். வார்டு கன்னிங்ஹாம் 1995-ல் விக்கி என்று ஒன்றைத் தொடங்கியது நிரலர்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதித் திருத்திக்கொள்ளத்தான். (ஹோனலூலு விமான நிலையத்து வண்டி ஒன்றின் பெயரிலிருந்து எடுத்த சொல் அது. ஹவாய்க்காரர்களுக்கு விக்கி என்றால் சீக்கிரம். நமக்கோ தொண்டையில் சோறு நிற்பது.) அதே முறையில் தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து வளர்ந்துகொண்டிருக்கிறது, சம்பளம் வாங்காதவர்கள் கையால். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பக்கம், அதில் யார் என்ன எழுதினார், யார் எப்போது திருத்தினார் என்ற வரலாறு, கீழே ஒரு பேச்சுப் பக்கம். இதற்கு மேல் ஓர் ஆலைக்கு என்ன வேண்டும்? ஃபிட்டர் ஓய்வு பெறும் நாளில் அவருக்குச் சால்வை போடுகிறோம். அவர் தலைக்குள் இருப்பதை ஒரு பக்கத்தில்கூட வாங்கி வைத்துக்கொள்வதில்லை.

வாங்கும் முன் என்ன செய்யலாம் என்று யோசித்தபோது எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரவில்லை, வில்லியனூர்தான் வந்தது. நம் புதுச்சேரியில், 1998-ல், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் கிராமத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. வில்லியனூர் மையம், சுற்று ஊர்களில் அறிவு மையங்கள். இணையம் ஊருக்குள் வராத காலம், அடிக்கடி மின்வெட்டு வேறு. வாக்கி டாக்கி போன்ற ரேடியோ கருவி வழியாகத் தகவல் அனுப்பினார்கள், சூரிய மின்தகடு வைத்தார்கள். இதெல்லாம் தொழில்நுட்பம். என்னைக் கவர்ந்தது அது அல்ல. கணினியை இறக்கும் முன்பே, இந்த ஊர்க்காரர்களுக்கு எந்தத் தகவல் தேவை, இப்போது அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று போய் விசாரித்தார்கள். மையம் தனியார் வீட்டில் அடைபடாமல், எல்லாச் சாதியாரும் வந்துபோகக்கூடிய பொது இடத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். நடத்தியவர்கள் அந்தந்த ஊர்த் தொண்டர்கள், பெண்கள் நிறைய. "நம்ம ஊரு செய்தி" என்று தமிழில் ஒரு பத்திரிகைகூட வந்தது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு நெல்விலை வேண்டாம், அலையின் உயரம் வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். உலகத்தின் அந்தக் கோடியில் இருந்த கணினியும் கோயில் திருவிழாவில் பாட்டுப் போடும் குழாயும் ஒரே வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. 2001-ல் அந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு என்ற மீனவ ஊரில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் சேதி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின, உயிர்கள் தப்பின. அதே காலையில் நம் காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கில் பறிகொடுத்தோம். பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் போய் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்லவாட்டின் பூட்டை உடைக்க யாரும் அட்மினிடம் அனுமதி கேட்கவில்லை. அந்தக் குழாய் தங்களுடையது என்று அந்த ஊர் நினைத்தது.

உங்கள் செயலியை ஆலையில் யார் தன்னுடையது என்று நினைப்பார்?

இப்போது இருக்கிற குரூப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்மின் மட்டும்தான் பதிவிடலாம் என்று பாதியை மாற்றி வைத்திருக்கிறீர்கள். மேலிருந்து உத்தரவு இறங்குகிறது. கீழே எல்லாரும் கட்டைவிரல் தூக்குகிறார்கள். அதற்குப் பெயர் தண்டோரா. தண்டோரா தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கூட்டு வேலை என்று சொல்லி மாதாமாதம் தலைக்கு இத்தனை ரூபாய் என்று சந்தா கட்டாதீர்கள்.

ஆட்கள் ஏன் எழுதுவதில்லை என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் சுருக்கமானது: எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். கியர்பாக்ஸ் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்; போனில் போட்டது ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பி வரும். டொயோட்டா ஆலைகளில் லைன் ஓரமாக ஒரு கயிறு ஓடும், ஆண்டோன் கயிறு என்பார்கள். தப்பு தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். இழுத்தால் மேற்பார்வையாளர் ஓடி வருவார், திட்ட அல்ல, உதவ. இழுத்த முதல் ஆளைத் திட்டியிருந்தால் அந்தக் கயிறு இன்றைக்குத் துணி காயப்போடத்தான் ஆகியிருக்கும். உங்கள் புதுச் செயலியில் முதல் தப்பைச் சொல்கிறவருக்கு நீங்கள் எல்லார் முன்னும் என்ன பதில் எழுதுகிறீர்கள் என்பதை ஆலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு பதிலுக்குப் பிறகு பயிற்சி வகுப்பே தேவைப்படாது. நல்லபடியாகவும் சரி, கெட்டபடியாகவும் சரி.

பேக்கிங் பிரிவுப் பெண்கள் விஷயம் தனி. குரூப்பில் சேர்த்த அன்றே அவர்களுடைய நம்பர் ஆலையில் இருக்கிற எல்லா ஆண்களுக்கும் போய்விடுகிறது. இரவு பத்தரைக்கு "சாப்டாச்சா" என்று யார் யாரோ கேட்கிறார்கள். ஒரு தங்கச்சி என்னிடம் சொன்னார், வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி குரூப்பிலிருந்து வெளியேறினார் என்று. மறுநாள் ஷிப்ட் மாறிய சேதி அவருக்குப் போகவில்லை; அரைநாள் சம்பளம் பிடித்தார்கள். எண்ணை மறைத்து, பணிக் கணக்கின் பெயரில் மட்டும் பேசவைக்கும் செயலி என்றால் அதற்காகவே வாங்கலாம் என்பேன். ஆட்களின் சொந்த விவரங்களை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2023-ல் சட்டமே வந்தாகிவிட்டது.

கான்ட்ராக்ட் ஆட்களைப் பல குரூப்புகளில் சேர்ப்பதே இல்லை. சேர்த்தால் நிரந்தர ஊழியர் என்று நாளைக்குக் கேட்டுவிடுவார்கள் என்று யாரோ வக்கீல் பயமுறுத்தினாராம். மெஷின் பக்கத்தில் நிற்பது அவர்கள். சொட்டும் எண்ணெயை முதலில் பார்ப்பது அவர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நம்மவர்களிலும் பலர் எழுதுவதை விட வாய்ஸ் மெசேஜில் நன்றாகச் சொல்வார்கள். பேசினால் எழுத்தாக மாற்றித் தருகிற வசதி இப்போது வந்துவிட்டது என்கிறார்கள். விற்க வருகிறவர் கலர் படம் போட்டுக் காட்டும்போது அதை விட்டுவிட்டு, காரைக்கால் பேச்சில் நாலு வாக்கியம் பேசிக் காட்டச் சொல்லுங்கள். எரிவாயு பகுதிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதும் உங்களுக்கே தெரியும். அங்கே சுவரில் மாட்டிய பலகையும் சாக்குக்கட்டியும்தான் செயலி.

நம் ஊர்ச் சரக்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய சோஹோ, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கு அலுவலக மென்பொருள் விற்கிறது. அவர்களுடைய க்ளிக் இந்த வேலைக்கானது. அவர்களுடைய இன்னொரு செயலிக்கு அரட்டை என்றே பெயர். "அரட்டை அடிக்காம வேலயப் பாரு" என்று ஏச்சு வாங்கி வளர்ந்தவன் நான். வேலையிடத்திலேயே அரட்டையைப் போனில் ஏற்றச் சொல்லும் காலத்தையும் பார்த்துவிட்டேன். உள்ளூர்க்காரன் செய்தது என்பதற்காக வாங்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவனுக்கு இரவு பதினொன்றுக்கு "அந்த ஸ்பேனர் செட் எங்க?" என்று வருகிறது. பதில் போடாவிட்டால் காலையில் முகம் தூக்கல். தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. போனில் பார்க்கும் மிகைநேரத்துக்கு யார் ஓ.டி. போடுகிறார்கள்? 1739 முதல் 1954 வரை நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் இன்று தங்கள் நாட்டில் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? 2017 ஜனவரி 1 முதல், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பற்றித் தொழிலாளர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம். ஆஸ்திரேலியாவிலும் 2024 ஆகஸ்டில் வந்துவிட்டது. இங்கே எம்.பி. சுப்ரியா சுலே இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. காரைக்காலில் வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கும் தெருக்கள் உண்டு. அங்கே இருக்கும் அண்ணன் ஆறு மணிக்குப் போனை அணைக்கலாம். இங்கே இருக்கும் தம்பி அணைத்தால் பொறுப்பில்லாதவன். சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டூட்டி முடிந்தவருக்கு அறிவிப்பு போகாதபடி வைக்கும் வசதி இந்தச் செயலிகளில் இருக்கிறது. அவசரம் என்றால் போன் அடியுங்கள், எடுப்போம். எந்தப் பிரேக்டவுனுக்கு நம் ஆட்கள் வராமல் இருந்திருக்கிறார்கள்?

செயலியை மட்டுமே நம்பிவிடவும் வேண்டாம். கஜா புயல் அடித்த இரவு, 2018 நவம்பர் 15 விடிந்தால் 16. வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. இங்கே கரண்ட் போனது, டவர் போனது. எங்கள் ஆலையில் யார் உள்ளே, யார் வெளியே, எந்த வால்வு மூடியிருக்கிறது என்பதற்கு குரூப்பில் பதில் இல்லை, ஏனென்றால் குரூப்பே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் கேட் செக்யூரிட்டியின் வருகை நோட்டை வைத்துத் தலை எண்ணினோம். அந்த நோட்டை யாரும் அதுவரை மதித்ததில்லை. செயலி வாங்கிய பிறகும் ஒரு ரெஜிஸ்டரை விட்டுவையுங்கள். ஷிப்ட் முடியும் முன் செயலியிலிருந்து நிலுவை வேலைகளை ஒரு தாளில் அச்செடுத்துக் கையெழுத்து வாங்கினாலும் போதும்.

நான் கேட்பது இவ்வளவுதான். வாங்குவதற்கு முன் ஒரு வாரம், இரவு ஒன்பதே முக்காலுக்குக் கேட்டுக்குள் வந்து நில்லுங்கள். பி ஷிப்ட் போகிறவர்கள் சி ஷிப்ட் வருகிறவர்களிடம் நடந்துகொண்டே, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். "அந்த லைன்ல சத்தம் மாறி வருதுண்ணே, பாத்துக்குங்க" என்று போகிற போக்கில் விழும் அந்தப் பேச்சுதான் ஆலையை ஓட்டுகிறது. அதைப் பிடித்து வைத்து, எதிராளியின் ஒப்புதல் வாங்கி, முடியும் வரை மறுபடி மறுபடி முகத்தில் காட்டுகிற கருவி எதுவோ அதை வாங்குங்கள். ஒரு பிரிவில் மட்டும் மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். மேனேஜர் பிறந்தநாளுக்குத் தனிக் குரூப் வைத்துக்கொள்ளுங்கள், நானும் வாழ்த்துகிறேன். நீங்களும் அந்தச் செயலியிலேயே இருங்கள். உத்தரவுக்குச் செயலி, முக்கியமான பேச்சுக்கு மேலாளர்களின் தனி வாட்ஸ்அப் என்று பிரித்துக்கொண்டால் ஒரே மாதத்தில் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

2003-ம் வருஷத்து நோட்டு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கரையான் இன்னும் தொடவில்லை. எலக்ட்ரீஷியனின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எனக்குப் படிக்க வரும். செயலி தயாரானதும் யாராவது ஒருவரை உட்காரவையுங்கள், நான் வாசிக்கிறேன், அவர் ஏற்றட்டும். 3-ம் மோட்டாரிலிருந்து தொடங்கலாம். அது இன்னும் அதே ஒழுகுகிற தகரத்துக்குக் கீழேதான் ஓடுகிறதாம். எந்த நாள் என்று கேட் செக்யூரிட்டியிடம் சொல்லி அனுப்பினால் போதும். ஆறு மணிக்கு மேல் நான் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஷிப்ட் இன்சார்ஜ்,
போலகம்